நான்கு விநாடி அலறல்

அந்த அலுவலகத்தில் அவளுக்குக் காதக்கா என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. டாக்டர்கள் ஆபரேஷன் முடிந்த கையோடு ஒரு சின்னக் கருவியில் கடகடவென்று பேசி அனுப்புவதைக் கேட்டு, வார்த்தை பிசகாமல் தட்டச்சு செய்வது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதே ஹெட்போன், அதே நாற்காலி, காலடியில் அதே பெடல். பெடலை முன்காலால் மிதித்தால் பதிவு ஓடும். குதிகாலால் அழுத்தினால் பின்னுக்குப் போகும்.

டாக்டர்களில் பல ரகம் உண்டு. கொட்டாவி விட்டுக்கொண்டே பேசுகிறவர், வாயில் எதையோ மென்றுகொண்டு பேசுகிறவர், கைகழுவும் குழாயைத் திறந்துவிட்டால்தான் வாயையும் திறக்கிறவர். மற்றவர்கள் உதட்டைப் பிதுக்கி ஒதுக்கும் பதிவெல்லாம் கடைசியில் காதக்காவின் மேசைக்கு வந்து சேரும். அவளுக்கும் பிடிபடாவிட்டால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, நேரத்தைக் குறித்து, சிவப்புக் கொடி ஒன்றைச் சொருகிவிடுவாள். கொடி இருக்கும் தாள் டாக்டருக்கே திரும்பிப் போக வேண்டும். அவர் விட்டுப்போனதை நிரப்பி அனுப்ப வேண்டும். அதுதான் முறை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாதிப் பதிவில் அவளை எழுப்பி குவாலிட்டி சாரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். தட்டச்சில் தவறு இருக்கிறதா என்று பார்க்கிற மேற்பார்வையாளர் அவர். எப்போதும் மடிப்புக் கலையாத சட்டை, எப்போதும் ஒரே மாதிரி மெல்லிய குரல்.

"உட்காருங்கம்மா."

"பரவாயில்ல சார். பதிவு பாதியில நிக்குது."

"அதை இனிமே வேற யாராவது பார்த்துப்பாங்க." அவர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "இது நீங்க அடிச்சதுதானே?"

நாற்பத்து நான்கு வயதுத் தபால்காரர் ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். கீழே அவளுடைய அடையாள எண் இருந்தது. அவள் கண் நேராக ஒரு வரியில் போய் நின்றது. வலிக்குப் போட வேண்டிய ஊசி மருந்து, ஐம்பது மில்லிகிராம்.

"ஐம்பதா?"

"பதினஞ்சு போட வேண்டியது. ஐம்பதுன்னு அடிச்சிருக்கீங்க. வார்டுல தாள்ல இருந்த மாதிரியே போட்டுட்டாங்க. அந்த ஆளுக்கு மூச்சு நின்னுபோச்சு. மூணு நாள் மெஷின்ல கிடந்து பொழைச்சிருக்கார்."

டாக்டர் பேசுவது ஆங்கிலம். அந்த மொழியில் ஃபிப்டீனுக்கும் ஃபிப்டிக்கும் வால் ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் அந்தப் பதிவு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த வாலைத்தான் அவளால் கேட்க முடியவில்லை.

"சார், நான் அங்க கோடு போட்டுக் கொடி வச்சேன். பதினோரு தடவை பின்னுக்குப் போய்க் கேட்டேன். பின்னாடி ஒரு சத்தம் வந்து வார்த்தையை முழுங்கிடுச்சு."

"என்ன சத்தம்?"

"தெரியல. இரும்பை இழுத்துக் கிழிக்கிற மாதிரி. ஆனா பாட்டு மாதிரி."

அவர் கணினியைத் திருப்பிப் பதிவை ஓடவிட்டார். டாக்டரின் குரல் அலசி உலர்த்திய துணி மாதிரி சுத்தமாக வந்தது. அந்த இடத்தில் 'ஃபிப்' என்று தொடங்கி, ஒரு நொடிக் குழிக்குப் பிறகு 'மில்லிகிராம்' என்று தொடர்ந்தது. பின்னால் சத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"இது இரைச்சலை எடுத்த பிறகு வச்ச நகல் சார். எங்களுக்கு வந்தது மூலப் பதிவு. அது டாக்டரோட கருவியில இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்க."

"இல்லாத பாட்டைத் தேடறதுக்கு டாக்டரைப் போய் நான் தொந்தரவு பண்ணணுமா? கொடியும் இல்ல, சத்தமும் இல்ல. வயசானா காது மந்தமாகறது சகஜம்தாம்மா. அதை ஒத்துக்கிட்டா நமக்கு நல்லது. வெள்ளிக்கிழமை விசாரணை. டாக்டரும் வர்றார். அதுக்குள்ள கைப்பட விளக்கம் எழுதிக் கொடுத்துடுங்க."

காதக்காவுக்குச் சுருக்கென்றது அந்த 'நமக்கு' என்ற வார்த்தையில்தான். கொடி எப்படிப் பறந்து போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த எல்லோருக்குமே தெரியும். நூறு தாளில் இரண்டுக்கு மேல் கொடி இருந்தால் கிளைக்கு மதிப்பெண் குறையும். அதனால் மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு குவாலிட்டி சார் அவர்களுடைய கணக்குக்குள் நுழைந்து, கோடுகளை உத்தேசமாக நிரப்பி, கொடிகளைப் பிடுங்கிவிடுவார். மறுநாள் யாரும் கேட்பதில்லை. காதக்காவும் இத்தனை வருடம் கேட்டதில்லை.

அவள் ஹெட்போனைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பேருந்தில் டிக்கெட்டை எடுத்து நாலாக, எட்டாக, பதினாறாகக் கிழித்தாள். பிறகு பரிசோதகர் ஏறியபோது அந்தத் துண்டுகளை உள்ளங்கையில் விரித்துக் காட்டினாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் கேட்காமல் நகர்ந்தார்.

வீட்டில் கணவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். லிப்ட் மெக்கானிக். அவரிடம் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, அந்தச் சத்தத்தைத் தொண்டையிலிருந்து எடுத்துப் பாடிக் காட்டினாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்டார்.

"லிப்ட் பேரிங் போயிருக்கு," என்றார். "ஏழாவது மாடிக்கு மேல போறப்ப இப்படித்தான் கத்தும்."

"நான் என்ன கேக்கறேன், நீங்க என்ன சொல்றீங்க!"

"எனக்குப் பாட்டைப் பத்தி என்னடி தெரியும்? நம்ம வீட்டுல பாட்டு ஓடி எத்தனை வருஷம் ஆச்சு?"

அது உண்மைதான். அந்த வீட்டில் பாட்டே கிடையாது. டிவியும் ஊமைப்படம்தான். எட்டு மணி நேரம் பிறர் குரலைச் சுமந்த காதுக்கு வீட்டில் ஒரு ஈ பறந்தாலும் பொறுக்காது. அவர் அதற்குப் பழகி, கரண்டியைக்கூட ஓசைப்படாமல் வைக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

"உன் தங்கச்சியைப் போய்க் கேளு," என்றார். "அவ கடையில எப்பவும் எதையாவது அலற விட்டுட்டுத்தானே இருப்பா."

தங்கை நடத்துவது ஓர் அழகு நிலையம். மூன்று நாற்காலி, மூன்று கண்ணாடி, வாசலில் மணி வைத்த கதவு. இரண்டு தெரு தள்ளி இருந்தும் காதக்கா அங்கே வருடத்துக்கு ஒருமுறை போனால் அதிகம். சத்தம்தான் காரணம் என்று சொல்லிக்கொள்வாள். அன்று கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது தங்கை நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள்.

"ஒரு சத்தம் சொல்றேன், என்னன்னு சொல்லு," என்று வணக்கம், நலம் எதுவும் இல்லாமல் காதக்கா தொடங்கினாள். டாக்டர் பேசியதை விட்டுவிட்டு, பின்னால் கேட்டதை மட்டும் எடுத்தாள். முதலில் தாளம். அது ஓர் இடத்தில் இரண்டு தட்டு நின்றுபோகும். பிறகு ஏறும். பிறகு அந்தக் கத்தல்.

தங்கையின் பல்லிலிருந்து நூல் நழுவியது.

"யக்கா... இது வெல்டரு."

"எந்த வெல்டரு?"

"உலகத்துக்கே தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியாது." நாற்காலியில் இருந்த பெண் ஒற்றைப் புருவத்தோடு திரும்பி, "எனக்குக்கூடத் தெரியும்," என்றாள்.

கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவன் அவன் என்று தங்கை சொன்னாள். கிதாரைக் கையில் எடுத்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. பாடமாட்டான், மேடையில் பேசவும் மாட்டான். ஒரு கச்சேரியில் அரங்கக்காரன் நடுவே வந்து நேரமாகிவிட்டது, இறங்கிப் போ என்று மைக்கில் சொல்லிவிட்டான். வெல்டர் இறங்கவில்லை. பதினோரு நிமிடம் கிதாரிலேயே அவனுக்குப் பதில் சொன்னான். அந்தப் பதிவுதான் இது. அவன் செத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் கிதார் எடுக்கிறவன் எவனும் அந்தப் பதினோரு நிமிடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"போடு," என்றாள் காதக்கா. பையிலிருந்து தன் ஹெட்போனை எடுத்துத் தங்கையின் போனில் சொருகி, காலியாக இருந்த நாற்காலியில் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

முதலில் வேலைக்காரக் காதுதான் வேலை செய்தது. கூட்டத்தில் ஒருவன் இருமினான். எங்கோ பாட்டில் ஒன்று உருண்டது. கம்பியின் மேல் விரல் சறுக்கும் கீச்சொலி, ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் மின்சாரத்தின் உறுமல், எல்லாம் தனித்தனியாகக் கேட்டது. கிதார் அவசரப்படவில்லை. சண்டைக்கு வந்தவன் முதலில் கதவை நிதானமாகச் சாத்துவதுபோல் இரண்டு மூன்று சுரங்களை வைத்துவிட்டு நின்றது. அவள் விரல்கள் தன்னையறியாமல் மடியில் தட்டச்சு செய்ய எழுந்தன. அடிக்க ஒரு வார்த்தையும் இல்லை. வலது கால் பெடலைத் தேடி, தரையை மிதித்தது. பத்தொன்பது வருடத்தில் அவள் காதுக்குள் போனது எதுவும் அவளுக்காகப் போனதில்லை. எல்லாம் யாருக்கோ ஒப்படைக்க வேண்டிய சரக்கு. இது அவளிடம் எதையும் திருப்பிக் கேட்கவில்லை.

மூன்றாவது நிமிடத்தில் கிதார் வாதாடத் தொடங்கியது. ஐந்தாவதில் கெஞ்சுவதை விட்டுவிட்டது. ஏழாவதில் தாளம் இரண்டு தட்டு நின்று, மறுபடி பிடித்துக்கொண்டு, ஏறி ஏறி, அந்த ஒற்றைச் சுரம் வந்தது. நான்கு விநாடி. பதினோரு தடவை பின்னுக்குப் போய், சனியன் என்று அவள் சபித்த அதே சத்தம். இப்போது அதன் முன்னும் பின்னும் சேர்ந்து வந்தபோது, அது எதற்காகக் கத்துகிறது என்று அவளுக்கு முழுதாகப் புரிந்தது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். பல்லைக் கடித்திருந்தாள். கண்ணில் நீர் முட்டியது. அழுகை இல்லை அது. குவாலிட்டி சார் முன்னால் நின்றபோது வராமல் தொண்டையில் அடைத்துக்கொண்ட எல்லாம் அந்த நான்கு விநாடியில் இருந்தது.

முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி, தங்கையின் மேல் பாய்ந்தாள்.

"இத்தனை வருஷம் இதை ஏன்டி எனக்குச் சொல்லல? நீங்கள்லாம் கேட்டுக்கிட்டே இருந்திருக்கீங்க, நான் மட்டும் கண்டவன் கொட்டாவியைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்!"

"நான் சொல்லலையா?" தங்கை நூலைச் சுருட்டி எறிந்தாள். "எனக்குப் பதினேழு வயசுல இதே பாட்டைத்தான் நம்ம ரூம்ல போட்டேன். ரெண்டு ஷிப்ட் முடிச்சுட்டு வந்தே. இசைத்தட்டை எடுத்து முழங்கால்ல வச்சு ரெண்டா ஒடிச்சே. ஞாபகம் இருக்கா?"

காதக்காவுக்கு ஞாபகம் இல்லை.

"'வாடகைக்கு விட்ட காதுடி இது, வீட்டுலயாவது சும்மா கிடக்கட்டும்'னு கத்தினே. என் சிநேகிதிகிட்ட இரவல் வாங்கின தட்டு அது. அவ அதுக்கப்புறம் என்கிட்டப் பேசவே இல்ல. இப்ப வந்து என்கிட்டக் கேக்கறியா, ஏன் சொல்லலன்னு?"

"நான் உழைச்சுத்தானே உன்னைப் படிக்க வச்சேன்!"

"வச்சே. அதையும் மாசம் ஒரு தடவை சொல்லிக் காட்டுனே. நான் இல்லேன்னு சொன்னேனா?"

ஒற்றைப் புருவக்காரி கண்ணாடியில் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். காதக்கா எழுந்து வாசல்வரை போனாள். கதவின் மணி ஒலித்தது. வெளியே காலை வைக்காமல் அப்படியே நின்றாள். திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பேப்பர் பேனா கொடு," என்றாள்.

மன்னிப்பு கேட்கவில்லை. தங்கையும் எதிர்பார்க்கவில்லை. பேப்பரையும் பேனாவையும் வெடுக்கென்று வைத்துவிட்டு, மற்ற புருவத்துக்குத் திரும்பினாள். கடை மூடும்வரை காதக்கா அந்தப் பாட்டைக் கேட்டாள், விநாடி விநாடியாகக் குறித்தாள். தாளம் இரண்டு தட்டு நிற்பது பாட்டில் ஒரே ஓர் இடத்தில்தான். டாக்டர் 'பேஷண்ட்' என்று தொடங்கும் முன் மூலப் பதிவில் அந்த நிறுத்தம்தான் இருந்தது. அங்கிருந்து முப்பத்தொரு விநாடியில் அலறல்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. கண்ணாடித் தடுப்பு வைத்த அறை. வெளியே கூடத்தில் எல்லோரும் தட்டச்சு செய்வதுபோல் நடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கிளை மேலாளர் அம்மா, குவாலிட்டி சார், ஆபரேஷன் செய்த சர்ஜன். சர்ஜன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்தார்.

"விளக்கம் எங்கம்மா?" என்றார் குவாலிட்டி சார்.

"எழுதல சார். கேட்க வைக்கிறேன். உங்ககிட்ட இருக்கற நகலை நான் சொல்றப்ப ஓட விடுங்க."

"நாம நேரத்தை வீணடிக்க..."

"பத்தொன்பது வருஷம் நான் கேட்டேன். இன்னைக்கு ஒரு நிமிஷம் நீங்க கேளுங்க."

அவள் குரல் உயர்ந்ததை அந்த அலுவலகம் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது. மேலாளர் அம்மா தலையசைத்தார். காதக்கா தன் போனை மேசையில் வைத்து, குறித்து வைத்த இடத்திலிருந்து பாட்டை ஓடவிட்டாள். தாளம் நின்றது. "இப்ப," என்றாள். டாக்டரின் குரல் கிளம்பியது. இரண்டும் சேர்ந்து ஓடின. எவ்வளவு துடைத்தாலும் அந்த நகலில் வார்த்தைகளுக்கு நடுவே சில மங்கிய தட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. தனியாகக் கேட்டால் காற்று என்று தோன்றும். பாட்டோடு சேர்ந்தபோது ஒவ்வொன்றும் தாளத்தின் மேல் சரியாக வந்து உட்கார்ந்தது.

முதலில் மாறியது சர்ஜனின் முகம்தான். கடிகாரத்தை மறந்துவிட்டார். விரல்கள் மேசையில் தாளம் போட்டன.

"இது வெல்டரோட அந்தக் கச்சேரியாச்சே! இப்ப வரும் பாருங்க, இப்ப..."

வந்தது. பதிவு 'ஃபிப்' என்று குழிக்குள் விழுந்த அதே கணத்தில், போனிலிருந்து அந்த அலறல் எழுந்து அறையை நிறைத்தது. சர்ஜன் கண்ணை மூடிக்கொண்டார். நான்கு விநாடி கழித்துத் திறந்தபோது அவருக்கே விஷயம் புரிந்துவிட்டது.

"டாக்டர், பேசிப் பதிவு பண்றப்ப இதைப் போட்டுப்பீங்களா?" என்று கேட்டாள் காதக்கா.

"எப்பவும்," என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "பதிவு தெளிவா இருந்துச்சு, அடிச்சவங்க தப்புன்னுதான் என்கிட்டச் சொன்னாங்க." பையிலிருந்து தன் கருவியை எடுத்து, தேதியைத் தேடி, மூலப் பதிவை ஓடவிட்டார். அதில் கிதார் பின்னால் இல்லை, அவருடைய குரலுக்கு மேலேயே ஏறி நின்றது. அந்த வார்த்தையின் வால் யாருக்கும் கேட்கவில்லை. பேசியவருக்கே கேட்கவில்லை.

"சரி, சத்தம் இருந்துச்சு," என்றார் குவாலிட்டி சார். "அதனால என்ன? கேட்காததை ஐம்பதுன்னு ஊகிச்சது இவங்கதானே?"

"அன்னைக்கு ரெண்டு மணிக்கு வாசல் மெஷின்ல விரலை வச்சுட்டு நான் வெளியே போயிட்டேன். இந்தத் தாள் மூடினது ரெண்டு நாற்பதுக்கு. ஓரத்துல இருக்கு பாருங்க. நாற்பது நிமிஷம் என் விரல் இங்க தனியா உட்கார்ந்து வேலை பார்த்துச்சா?"

"மெஷின்ல நேரம் சில சமயம்..."

கண்ணாடிக் கதவு திறந்தது. பக்கத்து சீட்டுக்காரி நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. "என் கொடியும்தான் காணாமப் போகுது," என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் எழுந்து நின்றார்கள். "எத்தனை நாளைக்குத்தான் எங்க காதுல பூ சுத்துவீங்க சார்?"

குவாலிட்டி சாரின் முகம் சுண்டிப்போனது. மேலாளர் அம்மா அவரையும் கதவையும் பார்த்தார். கதவருகே நின்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இதைப் பெருசாக்க வேண்டாம்," என்றார் மிருதுவாக. "மென்பொருள் கோளாறுன்னு எழுதிடலாம். யார் மேலயும் பழி இல்ல. நீங்க திங்கட்கிழமையே உங்க சீட்டுக்கு வந்துடுங்க. இங்க உங்களுக்கு இருக்கற மதிப்பே தனி."

"மென்பொருள் எழுந்து வந்து ஐம்பதுன்னு அடிச்சதா அம்மா? நடந்ததை நடந்தபடி எழுதி அந்தத் தபால்காரர் வீட்டுக்கு அனுப்புங்க."

"அது நம்ம வழக்கம் இல்ல."

"ஆளைக் கொல்றது வழக்கம், சொல்றது வழக்கம் இல்ல, அப்படித்தானே?"

சர்ஜன் தொண்டையைச் செருமினார். "நான் இனிமே பாட்டு போடறதை நிறுத்திடறேன்மா."

காதக்கா அவர் பக்கம் திரும்பினாள். மூன்று நாளாகச் சேர்த்து வைத்ததில் அவருக்கும் ஒரு பங்கு இருந்தது.

"பாட்டு என்ன டாக்டர் பண்ணுச்சு? அந்த ஆள் செத்து இருபது வருஷம் ஆச்சு. தாள்ல கையெழுத்து போட்டது நீங்க. ஐம்பதுன்னு ஒரு எண் எழுதியிருக்கு, படிச்சீங்களா? படிச்சிருந்தா ஒரு நொடியில தெரிஞ்சிருக்கும். பாட்டை முழுசாக் கேக்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு ஒரு பக்கத்தை முழுசாப் படிக்கத் தெரியாதா?"

சர்ஜன் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். தலை குனிந்தது.

அன்று மதியமே அவள் தபால்காரரின் வீட்டுக்குப் போனாள். தாளில் விலாசம் இருந்தது. தாளில் உள்ள எதையும் வெளியே சொன்னால் வேலை போகும் என்று சேர்ந்த முதல் நாளே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதை நினைத்துக்கொண்டேதான் மூன்றாவது மாடிக்குப் படியேறினாள்.

தபால்காரர் சாய்வு நாற்காலியில் கிடந்தார். மூச்சு மெஷினின் குழாய் இருந்த தொண்டையிலிருந்து குரல் கரகரவென்று வந்தது. அவர் மனைவி கதவுக்குப் பக்கத்திலேயே கைகளைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டாள். காதக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. கோடு, கொடி, இரண்டு நாற்பது, கையெழுத்து எல்லாவற்றையும் சொன்னாள். வருடக்கணக்காகத் தனக்கும் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னாள்.

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க," என்றார் தபால்காரர்.

"ஆமா."

"நான் வீடு மாத்திக் கடுதாசி போட்டதில்லம்மா. இருபத்திரண்டு வருஷத்துல ஒண்ணுகூட இல்ல. விலாசம் புரியலேன்னா உத்தேசமா எந்த வீட்டுலயாவது போட்டுட்டுப் போயிட முடியுமா?" அவருக்கு மூச்சு வாங்கியது. மனைவி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, "அது என்ன சத்தம், என் உசுரை எடுக்கப் பார்த்தது? போடுங்க, கேக்கறேன்," என்றார்.

அவள் தயங்கினாள். பிறகு போட்டாள். பதினோரு நிமிடமும் அவர் முகத்தில் ஓர் அசைவு இல்லை. முடிந்ததும், "வெறும் இரைச்சல். இதைப் போய் மனுஷன் கேப்பானா?" என்றார்.

காதக்காவுக்குச் சுள்ளென்று ஏறியது. அவரிடம் கோபப்பட எந்த உரிமையும் இல்லை என்று தெரிந்தும் ஏறியது. போனை எடுத்துப் பைக்குள் போடப் போனாள்.

"எனக்கு இன்னொரு தடவை போடுங்க," என்றாள் மனைவி.

மூன்று நாள் ஐசியு வாசலில் நின்றவள் அவள். யாரைக் கேட்டாலும் பெரிய டாக்டரைக் கேளுங்கள் என்பார்கள். பெரிய டாக்டர் தலையாட்டிவிட்டுப் போவார். காதக்கா தன் ஹெட்போனை அவள் தலையில் மாட்டிவிட்டாள். அவள் சுவரில் சாய்ந்து கேட்டாள். எப்போது ஏழாவது நிமிடம் வந்தது என்று காதக்கா போனைப் பார்க்காமலே சொல்லியிருப்பாள். கட்டியிருந்த கைகள் அவிழ்ந்து, கதவின் தாழ்ப்பாளை இறுகப் பற்றின. விரல் மூட்டுகள் வெளுத்தன. நான்கு விநாடி தாண்டியும் விடவில்லை.

கழற்றிக் கொடுத்தபோது அவள் சொன்னது ஒன்றுதான். "புகார் எங்க கொடுக்கணும்? எழுதிக் கொடுங்க, நான் போறேன்."

அவள் போனாள், விடவே இல்லை. நான்கு மாதம் அலுவலகம் அலுவலகமாகப் படியேறி இறங்கினாள். டாக்டர் நிரப்பாமல் வேறு யாரும் கொடியை எடுக்கக் கூடாது என்று மருத்துவமனை எழுத்தில் கொடுத்தது. குவாலிட்டி சாரை வேறு கிளைக்கு அனுப்பினார்கள். அங்கே அவருக்கு இதைவிடப் பெரிய அறை என்று பக்கத்து சீட்டுக்காரி வந்து சொன்னாள். நோயாளியின் ரகசியத்தை வெளியிட்டதற்காகக் காதக்காவை வேலையிலிருந்து நீக்கினார்கள். கடிதத்தில் ஐம்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் நேராகத் தங்கையின் கடைக்குப் போனாள். தங்கை படித்து முடித்து, மேலாளர் அம்மாவின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினாள். காதக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வெல்டரு வேற என்னென்ன வாசிச்சிருக்கான்?" என்று கேட்டாள்.

"நிறைய இருக்கு. எதுல இருந்து ஆரம்பிக்கறது?"

"மொதல்ல இருந்து," என்றாள் காதக்கா. "சத்தமா வை."